பழைய ஆர்எக்ஸ் 100-க்குச் சரியான ஆயில் சீல்: பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், அளவைச் சொல்லி வாங்குங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பா வைத்திருந்த 1994 யமஹா ஆர்எக்ஸ் 100. ஓட்டும்போது விடாமல் வெண்ணீலப் புகை. பிளக் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெயில் நனைந்து கறுத்துப் போகிறது. கியர் ஆயில் குறைகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட ஒழுகல் இல்லை. மெக்கானிக் முதலில் சிலிண்டரை போர் செய்து (உள்ளே கடைந்து) புது பிஸ்டனும் ரிங்கும் போட்டார், புகை நிற்கவில்லை. பிறகு 'ஆர்எக்ஸ் ஆயில் சீல் செட்' ஒன்று வாங்கிப் போட்டார்கள். மூன்று மாதம் நன்றாக ஓடியது, மறுபடி புகை. சரியான சீலை எப்படிக் கண்டுபிடிப்பது, பழைய கம்பெனி சீலைத் தேடி அலைவது நல்லதா, இதுதான் நீங்கள் கேட்டது.

முதலில் அந்த போர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. 'புகை வந்தால் ரிங் போய்விட்டது' என்பது நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கான கணக்கு. அங்கே பிஸ்டனுக்குக் கீழே எண்ணெய் கிடக்கும். ரிங் தேய்ந்தால் அது மேலேறி எரியும். ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டி கிடையாது. அங்கே இருப்பது பெட்ரோலும் காற்றும் கொஞ்சம் 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் எரியும் எண்ணெய்) கலந்த கலவைதான். ரிங் தேய்ந்தால் இழுவை குறையும், கிக் லேசாகும், ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். அதற்காகக் கியர் ஆயில் குறையாது. உங்கள் வண்டியில் கியர் ஆயில் குறைவதும், வெளியே ஒழுகாமல் இருப்பதும், புகை விடாமல் வருவதும் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) வலது பக்கம், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல்.

இந்த வண்டியில் அந்தச் சீலின் வேலை மற்ற சீல்களைப் போன்றதில்லை. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க்கேஸுக்குள் காற்றழுத்தம் குறைந்து கலவையை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அதே கலவையை அழுத்தி மேலே சிலிண்டருக்குத் தள்ளுகிறது. ஆர்எக்ஸ் 100 தன் 11 குதிரைத்திறனைத் தரும் 7500 ஆர்பிஎம்மில் இது ஒரு நொடிக்கு 125 முறை நடக்கிறது. கிராங்க் தண்டு வெளியே வரும் இரண்டு பக்கமும் ஒரு ரப்பர் உதடு தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இந்த மூச்சு வெளியே போகாமல் காக்கிறது. வலது பக்கத்து உதடு தளர்ந்தால், ஒவ்வொரு உறிஞ்சலிலும் பக்கத்தில் கிடக்கும் கியர் ஆயில் உள்ளே வந்து எரியும். இடது பக்கத்து, அதாவது மேக்னட் பக்கத்து உதடு தளர்ந்தால் உள்ளே வருவது வெறும் காற்று. புகை தெரியாது, ஒழுகல் தெரியாது. கலவை மட்டும் மெலிந்துகொண்டே போகும்.

இந்த இரண்டாவதுதான் ஆபத்தானது. என் சொந்த அனுபவம் ஒன்று. திருச்சிக்குப் போகும் வழியில் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, நல்ல வெயிலில், என் ஆர்எக்ஸ் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது பிஸ்டன் ஜாம் ஆகிப் பின்சக்கரம் இழுத்துக்கொண்டது. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வண்டி சொல்லிக்கொண்டிருந்தது. சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் தொங்கும். ஸ்லோ ஸ்பீடு ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். நான் கார்புரேட்டரையே திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் மேக்னட் பக்கத்து சீல் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருந்தது. ஆகவே உங்கள் புகைக்குக் காரணம் வலது சீல்தான் என்றாலும் இடது சீலையும் கூடவே மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது.

சரி, வாங்கும் முன் உறுதிப்படுத்திக்கொள்வோம். எளிய சோதனை இது: கியர் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன அளவை அளவுக்குவளையில் அளந்து ஊற்றுங்கள். முன்னூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே வடித்து மறுபடி அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். வடித்த எண்ணெயை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, எண்ணெய் நீர்த்துப் போயிருந்தால் அதுவும் இதே சீல்தான். பிஸ்டன் இறங்கும்போது கலவை எதிர்ப்பக்கம் போகிறது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்எக்ஸ் 100-இல் 2டி ஆயிலைத் தானாகவே என்ஜினுக்கு ஊட்டும் ஆட்டோலூப் பம்ப் இருக்கிறது. அதன் அடைப்பு வால்வு சரியாக மூடாவிட்டால், நிறுத்தி வைத்திருக்கும்போது 2டி ஆயில் மெல்ல மெல்ல என்ஜினுக்குள் இறங்கும். அப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறையும் அளவு புகை வரும், ஐந்து பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். கியர் ஆயில் அளவு மாறாது. சிலர் ஆட்டோலூப்பும் ஓட, பெட்ரோலிலும் 2டி ஆயில் கலந்து ஊற்றுவார்கள். அந்தப் புகைக்குச் சீல் என்ன செய்யும்?

கிராங்க்கேஸை அழுத்திப் பார்க்கும் சோதனையை நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் செய்வதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த சோதனை, செலவும் இல்லை. பழைய ரத்த அழுத்தக் கருவி ஒன்று போதும், கடிகாரம் போன்ற டயல் உள்ள வகை. சைலன்சரைக் கழற்றி அந்த வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து இறுக்கி அடையுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, அது உட்காரும் வாயில் ஒரு ரப்பர் அடைப்பானை வைத்து, அதன் நடுவே டியூபைச் செருகுங்கள். ஆட்டோலூப் குழாய் வந்து சேரும் துளையையும் அடைக்க வேண்டும். பிஸ்டனைக் கீழே கொண்டுவந்துவிட்டு, பல்பை அமுக்கி 250 வரை ஏற்றுங்கள். அது பாதரச மில்லிமீட்டர் கணக்கு; ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ. நல்ல நிலையில் உள்ள என்ஜின் நிமிடத்துக்கு 50-க்கு மேல் இழக்கக் கூடாது. முள் சடசடவென்று இறங்கினால் மேக்னட் பக்கம், சிலிண்டர் அடிப் பேக்கிங், ரீட் வால்வு (கலவை உள்ளே வரும் ஒருவழிக் கதவு) இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி தேடுங்கள். கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தால், கிளட்ச் பக்கத்து சீலின் மூச்சு உள்ளே கேட்கும். சீல் மாற்றிய பிறகும் இதையே ஒருமுறை செய்தால், 'போட்டாச்சு, ஓட்டிப் பாருங்க' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இனி சீல் வாங்குவதற்கு வருவோம்.

கடையில் போய் 'ஆர்எக்ஸ் கிராங்க் சீல்' என்று கேட்டால் ஏதோ ஒரு பாக்கெட் வரும். அதில் இருப்பது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஆயில் சீல் என்பது பெயரால் அடையாளம் காணும் பொருள் இல்லை, மூன்று எண்களால் அடையாளம் காணும் பொருள்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். இந்த வரிசையிலேயே, மில்லிமீட்டரில், சீலின் முகத்தில் அச்சாகியிருக்கும். உதாரணத்துக்கு 20 35 7 என்றிருந்தால் 20 மி.மீ. தண்டுக்கு, 35 மி.மீ. குழிக்கு (கேஸில் சீல் உட்காரும் இடம்), 7 மி.மீ. தடிமன். (இது உதாரணம் மட்டுமே, உங்கள் வண்டியின் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.) பழைய சீலைக் கழற்றியதும் தூக்கிப் போடாமல், மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அந்த எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய சீலில் எண் அழிந்திருந்தால் வெர்னியரை (நுட்பமாக அளக்கும் கருவி) எடுங்கள். சீலின் உதட்டை அளக்காதீர்கள். உதடு தண்டைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சிறியதாகத்தான் செய்யப்படும், தேய்ந்த பிறகு அது எந்த எண்ணையும் காட்டும். தண்டையே அளக்க வேண்டும், அதுவும் உதடு ஓடிய தடத்தில் இல்லாமல் அதற்குப் பக்கத்தில். வெளிவிட்டத்துக்குக் குழியை அளக்க வேண்டும். சீல் குழியைவிட மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரியதாக இருக்கும், அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. கடையில் சீலை அளந்து 35.2 என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது 35 சீல்தான்.

தடிமனில்தான் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். 'உள்ளயும் வெளியயும் ஒண்ணுதான், ஒரு மில்லி தடிமன் கூட இருந்தா என்ன, போடுங்க' என்பார்கள். பல டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் வந்து இறங்க ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். தடித்த சீலை ஒரேயடியாக உள்ளே அடித்தால் அது அந்தத் துளையை மூடிவிடும், பேரிங் பட்டினி கிடந்து சாகும். குழியின் ஆழத்தைப் பார்த்து, துளை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். மெல்லிய சீல் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் அது நேராக உட்கார்கிறதா என்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

எண்களோடு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ஜப்பானிய முறையில், டிசி என்றால் வெளிச்சுற்று முழுக்க ரப்பர், முதன்மை உதட்டோடு தூசி தடுக்க இன்னொரு சிறு உதடும் உண்டு. எஸ்சி என்றால் அதே ரப்பர் வெளிச்சுற்று, தூசி உதடு இல்லை. டிபி, எஸ்பி என்றால் வெளிச்சுற்று இரும்பு. அலுமினியம் கேஸில், அதுவும் ஏற்கெனவே இரண்டு முறை சீல் மாற்றிக் கீறல் விழுந்த பழைய கேஸில், ரப்பர் வெளிச்சுற்றே நல்லது. அது கீறலை நிரப்பிக்கொள்ளும். சில சீல்களின் முகத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதன் உதட்டின் பின்புறம் சாய்வான சிறு வரிகள் ஓடும், தண்டு சுழலும்போது அவை எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும். அம்பு தண்டு சுழலும் திசையில் இருக்க வேண்டும். மாறிவிட்டால் அதே வரிகள் எண்ணெயைத் தப்பான பக்கத்துக்கு இறைத்துக்கொண்டிருக்கும்.

யமஹா பாக எண் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். யமஹாவின் ஆயில் சீல் எண்கள் 93101, 93102, 93103 என்பது போலத் தொடங்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் ஐந்து இலக்கங்களில் முதல் இரண்டும் உள்விட்டம். 93102-20 என்று தொடங்கினால் அது 20 மி.மீ. தண்டுக்கான சீல். 93210 என்று தொடங்குவது ஓ-ரிங். சுசூகியில் 09283-க்கு அடுத்த இரண்டு இலக்கமும் இதே மாதிரி உள்விட்டத்தைச் சொல்லும். வண்டியின் பாகப் பட்டியலில் வெடித்துச் சிதறிய மாதிரி வரைந்த படம் இருக்கும். அதில் சீலைக் கண்டுபிடித்து எண்ணை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வாக்குவாதம் குறையும். 'ஆர்எக்ஸ் 135-க்கும் இதுக்கும் ஒரே சீல்தான்' என்று யாராவது சொன்னால் மறுக்காதீர்கள், நம்பவும் செய்யாதீர்கள். வெர்னியரை எடுத்து அளந்து பாருங்கள்.

அடுத்தது ரப்பர். அந்தக் காலச் சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். 100 டிகிரி வரை தாங்கும், விலை குறைவு, எண்ணெயில் நன்றாகவே உழைக்கும். விட்டான் என்று கடையில் சொல்வது ஃபுளோரின் கலந்த ரப்பர், எஃப்கேஎம் என்று அச்சிட்டிருக்கும். அது 200 டிகிரி வரை தாங்கும். உங்கள் வண்டியின் கிராங்க் சீல்கள் இரண்டையும் இதிலேயே வாங்கச் சொல்வேன். வேகத்துக்காகச் சொல்லவில்லை. 20 மி.மீ. தண்டு 7500 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் மேற்பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் ஓடும். அந்த வேகத்தை நல்ல நைட்ரைலே தாங்கும். காரணம் பெட்ரோல். 1985-இல் இந்த வண்டி வந்தபோது இருந்த பெட்ரோல் இன்று பங்கில் இல்லை. 2022-இல் 10 சதவீத எத்தனாலும், 2025-இல் 20 சதவீதமும் வந்துவிட்டன. டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பெட்ரோல் கிராங்க் சீலின் உதட்டின் மேலேயே நாள் முழுக்க வீசுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் நைட்ரைல் கொஞ்சம் உப்பும், வண்டி வாரக்கணக்கில் நின்று காய்ந்தால் சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, உதடு விறைக்கும். அப்பாவின் நினைவாக வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு இது தினமும் ஓடும் வண்டியைவிட அதிகத் தொல்லை.

விட்டான் பழுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கறுப்பிலும் வரும், பழுப்புச் சாயம் போட்ட சாதாரண ரப்பரும் வரும். நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் எஃப்கேஎம் என்ற அச்சையும் தயாரித்தவர் பெயரையும் பாருங்கள். இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: சோதிப்பதற்காக அதை லைட்டரில் எரித்துப் பார்க்காதீர்கள். ஃபுளோரின் ரப்பர் கருகினால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். அது நுரையீரலையும் தோலையும் அரிக்கும் நச்சு. என்ஜின் ஜாம் ஆகிக் கருகிப்போன பழைய சீலைக்கூட வெறுங்கையால் சுரண்ட வேண்டாம்.

'1990-இல் செய்த ஒரிஜினல் சீல், பாக்கெட் பிரிக்காமல் ஒருவரிடம் இருக்கிறது, வாங்கட்டுமா' என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பழைய வண்டிகளில் பழைய கம்பெனிப் பொருளுக்கு இருக்கும் மதிப்பு எனக்கும் தெரியும். அந்தக் காலக் கிராங்க், கியர், கார்புரேட்டர், பெட்ரோல் டேங்க் கிடைத்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். ரப்பர் அப்படி இல்லை. அது அலமாரியில் இருந்தபடியே வயதாகும் பொருள். ரப்பர் சீல்களைச் சேமித்து வைப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2230, நைட்ரைலுக்கு 7 ஆண்டும், பரிசோதித்துப் பார்த்து மேலும் 3 ஆண்டும் தருகிறது. எஃப்கேஎம்முக்கு 10 ஆண்டும் மேலே 5 ஆண்டும். அதுவும் வெயிலும் சூடும் படாமல், மூடி வைத்தால். நம் ஊர்த் தகரக் கூரைக்கடியில் முப்பத்தைந்து கோடைகளைக் கண்ட சீலுக்கு அந்தக் கணக்கெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம், என்ஜினுக்குள் போட வேண்டாம்.

எங்கே வாங்குவது? சென்னையில் என்றால் எல்லோரும் முதலில் போவது ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஆர்எக்ஸ் பொருள் அங்கே இன்றும் கிடைக்கும், ஏனென்றால் 1996-இல் தயாரிப்பு நின்ற பிறகும் இந்த வண்டியை மக்கள் விடவில்லை. பழைய கேஸ், கிராங்க் தேடுவதற்குப் புதுப்பேட்டை. ஆனால் சீலுக்கு நான் போகும் இடம் வேறு. பேரிங்கும் ஆயில் சீலும் மட்டுமே விற்கும் தொழிற்சாலைப் பொருள் கடைகளுக்குப் போங்கள். கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. பம்ப்பும் மோட்டாரும் செய்யும் ஊர், இப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சம் கிடையாது. அங்கே வண்டியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. 'இந்த அளவு, டிசி, விட்டான்' என்றால் எடுத்துத் தருவார்கள். மோட்டார் சைக்கிளுக்கு என்று தனியாக அச்சிட்ட பாக்கெட் விலையும் அதில் இருக்காது. தயாரிப்பாளர் பெயர் சீலிலேயே பதிந்திருக்கும். எந்த ஆண்டு, எந்த மாதம் செய்தது என்பதும் பல சீல்களில் தெரியும்.

எல்லாச் சீலையும் இப்படி வாங்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ராஜ்தூத் 350 மாதிரி கிராங்க்கேஸ் மேல்பாதி கீழ்பாதியாகப் பிரியும் வண்டிகளில், சீலின் வெளிச்சுற்றில் ஒரு வரம்பு இருக்கும். அது கேஸில் வெட்டிய பள்ளத்தில் உட்காரும். அளவு ஒன்றானாலும் வரம்பில்லாத கடைச் சீலை அங்கே போட்டால் அழுத்தத்தில் நகர்ந்து வெளியே வந்துவிடும். ஆகவே பழைய சீலின் வெளிச்சுற்றில் வரம்போ விளிம்போ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த வண்டிக்கென்றே செய்ததுதான் வேண்டும்.

கடையில் கையில் வாங்கியதும் உதட்டை நகத்தால் லேசாக வருடிப் பாருங்கள். விளிம்பு ஒரே கோடாக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கின் இணைப்பு துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. எண்கள் கூர்மையாகப் பதிந்திருக்க வேண்டும். டூப்ளிகேட் பொருளில் முதலில் கோட்டை விடுவது இந்த மூன்றும்தான்.

மூன்று மாதத்தில் ஏன் போனது என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். மட்டமான சீல் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நல்ல சீலே போட்டும் மூன்று மாதத்தில் போகிறது என்றால் பெரும்பாலும் தவறு தண்டில் இருக்கும். முப்பது வருடம் ஒரே இடத்தில் உதடு உரசியதில் தண்டில் ஒரு வளையம் தேய்ந்திருக்கும். ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்பார்கள். ரப்பரில் ஒட்டிய தூசியும் கார்பனும் தேய்க்கும். நகத்தைத் தண்டின் நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் புது உதடு அந்தப் பள்ளத்தில் சரியாகப் பிடிக்காது. குழியில் இடமிருந்து, அந்த எண்ணெய்த் துளை மறைக்கப்படாது என்றால், சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ தள்ளி உட்கார வைத்து, உதடு புதுத் தடத்தில் ஓடும்படி செய்யலாம். இது இலவச வைத்தியம், பாதி வண்டிகளுக்கு இதுவே போதும். பள்ளம் ஆழமாக இருந்தால் தண்டின் மேல் மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றைச் செருகலாம். பேரிங் கம்பெனியான எஸ்கேஎஃப் செய்யும் இப்படிப்பட்ட குழாயின் (ஸ்லீவ்) சுவர் 0.28 மி.மீ. மட்டுமே, அதே அளவு சீலே போதும். அல்லது ஹார்டு குரோம் ஏற்றி அளவுக்குக் கிரைண்டிங் செய்யலாம். தயவுசெய்து லேத்தில் தண்டைச் சுற்றவிட்டு எமரி பேப்பரை இடமிருந்து வலமாக இழுக்க விடாதீர்கள். அது திருகாணி மாதிரி ஒரு சுருள் கீறலைப் போட்டுவிடும். பளபளவென்று இருக்கும், எண்ணெயைப் பம்ப் மாதிரி இறைக்கும்.

இரண்டாவது சந்தேகம் பேரிங். கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் சீல் மாற்றுவது பணத்துக்குக் கேடு. தண்டு நடுவில் நிற்காமல் தள்ளாடினால் உதடு ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் திறக்கும். போர் வேலைக்காக என்ஜினைப் பிரித்தபோது கிராங்கைத் தட்டிக் கழற்றியிருந்தால் இரண்டு பாதியும் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கிராங்க் பிரஸ் செய்கிற, டயல் கேஜ் வைத்திருக்கிற பட்டறையில் காட்டுங்கள். முள் மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கைத் தாண்டி ஆடினால் நேராக்கச் சொல்லுங்கள்.

பொருத்துவதில் சில விஷயங்கள். கழற்றும் முன் போட்டோ எடுங்கள். எந்த முகம் வெளியே, எவ்வளவு ஆழம் என்பது அதில் இருக்கும். பழைய சீலை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் குழியில் கீறல் விழும். சீலின் முகத்தில் மெல்லிய துளை போட்டு ஒரு சிறு ஸ்குரூவைத் திருகி, கட்டிங் பிளேயரால் அதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். துளையிடும்போது டிரில் முனை பின்னால் இருக்கும் பேரிங்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேக்னட் பக்கம் தண்டில் சாவிப் பள்ளம் இருக்கும், அதன் ஓரம் பிளேடு மாதிரி. அதன் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டி, உதட்டில் 2டி ஆயில் தடவி, பிறகு சீலைத் தள்ளுங்கள். எத்தனையோ புதுச் சீல்கள் முதல் கிக்குக்கு முன்பே இந்த ஓரத்தில் கிழிந்து போகின்றன. சுத்தியலால் ஓரத்தில் தட்டாமல், வெளிவிட்டத்துக்குச் சற்றுச் சிறிய சாக்கெட்டையோ பைப் துண்டையோ வைத்து நேராக அழுத்துங்கள். கேஸை ஹீட் கன்னால் கொஞ்சம் சூடாக்கினால் அடிக்கவே தேவையிருக்காது. சிலிக்கான் பசையை உதட்டின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

என்ஜின் திறந்திருக்கும்போதே கிக் ஷாஃப்ட், கியர் ஷாஃப்ட், செயின் ஸ்பிராக்கெட் ஷாஃப்ட் சீல்களையும் மாற்றிவிடுங்கள். இவற்றுக்கு நைட்ரைலே போதும், அங்கே வெறும் எண்ணெய்தான். ஸ்பிராக்கெட்டுக்கு உள்ளே காலர் இருக்கும் வண்டிகளில், அந்தக் காலருக்கு அடியில் ஒரு சின்ன ஓ-ரிங் ஒளிந்திருக்கும். சீல் மாற்றியும் ஸ்பிராக்கெட் பக்கம் ஒழுகுகிறது என்று வருபவர்களில் பலர் அதை மறந்தவர்கள்தான்.

எல்லாம் முடிந்ததும் ரத்த அழுத்தக் கருவியை வைத்து மறுபடி பாருங்கள். முதல் இருநூறு கிலோமீட்டர் வரை கொஞ்சம் புகை வந்தால் பதற வேண்டாம். இத்தனை நாள் உள்ளே போன கியர் ஆயில் சைலன்சரில் ஊறிக் கிடக்கிறது, அது எரிந்து தீர வேண்டும். சைலன்சரின் உள்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டால் சீக்கிரம் நிற்கும். அதோடு கார்புரேட்டரின் ஸ்லோ ஸ்பீடு, ஏர் ஸ்குரூ இரண்டையும் புதிதாக அமையுங்கள். கசிந்த காற்றுக்கு ஏற்ப யாரோ திருகி வைத்த பழைய அமைப்பு இப்போது பொருந்தாது. நீங்கள் அளந்து எழுதிய எண்களை, கழற்றிய தேதியோடு, ஒரு காகிதத்தில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல் பாக்ஸில் வையுங்கள். அடுத்த முறை அந்த வண்டியைத் திறப்பவர் நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.